உப்பு வண்டிக்காரர்கள்

சட்பரி நகரின் பனிவாரிக் கிடங்கில்
காபி இயந்திரத்துக்கு மேலே
டொமினிக்கா தீவின் படத்தை ஒட்டியவள் ஃபெர்ன்.
ஒட்டியது அக்டோபரில்.
இப்போது ஜனவரி.
ஆவி பட்டுப் பட்டு
கடலின் ஒரு மூலை சுருண்டுவிட்டது.

எட்டுப் பேர் போவதாகப் பேச்சு.
பட்டியல் என் கையில்.
வானொலியில் வண்டிகளை ஏவுகிறவள் நான்,
அதனால் தீவுக்கும் நானே ஏவவேண்டுமாம்.

ரெஜானுக்கு வெள்ளை மணல்தான் வேண்டும்.
அங்கே பெரும்பாலும் கறுப்பு மணல்,
எரிமலை தந்தது என்றேன்.
"வெள்ளையைத்தான் ஆறு மாதம் வாருகிறோமே,
கறுப்பே இருக்கட்டும்" என்றான் டெல்மர்.
அத்தோடு தள்ளுபடி அந்த வழக்கு.

குறட்டைக்காகத் தனி அறை கேட்டாள் ஐலி.
குறட்டை அவள் கணவனுடையது.
கணவன் வரவில்லை என்பதைப்
பத்து நாள் கழித்துச் சொன்னாள்;
தனி அறை மட்டும் அப்படியே இருக்கட்டுமாம்.

கொதிக்கும் ஏரிவரை நடக்கவேண்டும் ஃபெர்னுக்கு,
போக மூன்று மணி, வர மூன்று மணி.
முழங்கால் மாற்றிக்கொண்ட ஒஸ்காரி
"நிஜமாகவே கொதித்தால்
எனக்கு இரண்டு முட்டை அவித்து வா" என்றான்.

ப்ரூனோ,
முன்பணம் என்றதும்
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.
ஒருநாள் படகில் மீன்பிடிக்கப் போகலாமா என்று மட்டும்
மூன்று முறை கேட்டுவிட்டான்.

அடித்து எழுதி, எழுதி அடித்து
எட்டு ஆறாகி, ஆறு ஒன்பதாகி
(ஐலியின் தங்கை, தங்கையின் தோழி,
யாரென்று தெரியாத ஒரு லூக்)
மறுபடி எட்டில் வந்து நின்றபோது
தாளில் ஓட்டை விழுந்திருந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம்.
விடுப்புத் தாள்களை மேற்பார்வையாளரிடம் நீட்டினேன்.
அவர் சிரிக்கக்கூட இல்லை.
சன்னலைக் காட்டினார்.
"பாரிஸ் தெருவை யார் வாருவது?"

பனிக்குத் தப்பத்தான் பயணம்.
பனி இருக்கும்வரை எங்களுக்குப் பயணம் இல்லை.
நான்கு மாதம் கூட்டிக் கழித்ததில்
ஒருவருக்கும் உதிக்காத கணக்கு.

விடிகாலை மூன்றே கால்.
அங்கே நாலே கால்.
ரொட்டி சுட எழுந்துவிடுவேன்,
எந்நேரமும் கூப்பிடு என்று எழுதியிருந்தாள்
விடுதிக்காரி யூலலி.
ரத்து என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"மே மாதம் வாயேன்" என்றாள்.
"வாடகை பாதி. மாம்பழம் இலவசம்,
கூரைமேல் விழுகிற சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால்."
பிறகு,
"அதென்ன அங்கே? யாரோ பாறையைச் சுரண்டுகிறார்கள்?"

டெல்மர். வாசலை வாரிக்கொண்டிருந்தான்.
இரும்புப் பலகை தரையில் உரசும் சத்தம்.
"பிடி, கேட்கிறேன்."
மைனஸ் இருபத்தேழில் சன்னலைத் திறந்து
கைப்பேசியை வெளியே நீட்டினேன்.
யூலலி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"பாவம்" என்றாள் கடைசியில்.
எங்களையா, தெருவையா, தெரியவில்லை.

பிறகு அவள் தன் கதவைத் திறந்தாள்.

தவளைகள்.
விசில் மாதிரி, சின்னச் சின்னதாய்,
ஆயிரம் பேர் ஒரே சமயத்தில்
சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி.
நடுவே மழை. அவசரப்பட்ட ஒரு சேவல்.
பூட்ஸ் காலோடு மேசையைச் சுற்றி நின்றோம்.
ரெஜான் கையுறைகளைக் கழற்றினான்,
எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அழைப்பு முடிந்தது.
நெடுஞ்சாலைச் சரிவில் ஒரு லாரி வழுக்கி நிற்பதாகத் தகவல்.
இரண்டு வண்டிகளை ஏவினேன்.
ஒன்று ப்ரூனோவுடையது.

தொப்பியை மாட்டியபடி வந்தவன்
மடித்த நோட்டுகளை என்முன் வைத்துவிட்டு
முகம் பார்க்காமல் போனான்.

எண்ணினேன். சரியாக இருந்தது.
விரலில் மட்டும்
நரநரவென்று உப்பு.